பிரித்துத் தைத்த ஆடை

சில ஆண்டுகளுக்கு முன், ஜப்பான் நாட்டின் ஒசாகா நகரில் பணிபுரியும் நம் மகனுடன் சில வாரங்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்குள்ள ஓர் ஆலயத்தில் ஞாயிறு திருப்பலி முடிந்தபின் பங்கு மக்கள் கூடித் தேநீர் அருந்தினர். அவ்வேளையில் 85 வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் நம் அருகே அமர்ந்தார். அவர் கையிலிருந்த ஜெபமாலைப் பை நம் கருத்தைக் கவர்ந்தது. நீலமும் வெண்மையுமாய்க் கோடிட்ட பழைய பருத்தித் துணி. அதன்மீது வரிவரியாய் ஊசி சென்ற தடங்கள். “அழகிய பை” என்றோம். “இது என் அன்னையின் கிமோனோ” என்றார் அவர். நம் மகன் மொழிபெயர்க்க, நாம் கேட்டறிந்த வரலாற்றை நம் இல்லங்களும் அறிதல் நன்று என்றெண்ணி இங்கு எழுதுகிறோம்.

அவர் பிறந்த வீடு, ஒசாகாவின் பழைய வணிகர் பகுதியாகிய செம்பாவில் இருந்த ஒரு துணிக்கடை. முன்புறம் கடை, பின்புறம் குடும்பம். இளம் வயதிலேயே தொழில் பழக வந்த சிறுவர்களும் அதே கூரையின்கீழ் உண்டு உறங்கினர். ஆண்டுக்கு இருமுறை, கோடையில் வரும் முன்னோர் விழாவுக்கும் ஆண்டின் இறுதிக்கும், அவர்களுக்குப் புத்தாடை வழங்குவது முதலாளியின் கடமை. அவற்றைத் தைக்கும் பொறுப்பு அந்த வீட்டில் தலைவியைச் சார்ந்தது. பட்டு விற்ற வீடாயினும் அன்றாடம் உடுத்தியது பருத்தியே.

கிமோனோ சிக்கனத்தின் வடிவம் எனலாம். ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 36 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரே துணிச் சுருளை நேர்கோட்டில் எட்டுத் துண்டுகளாக வெட்டித் தைக்கின்றனர். மிகுதியான துணியை வெட்டி எறிவதில்லை. உள்ளே மடித்துத் தைத்துவிடுவர். அழுக்கடைந்தால் தையல் முழுவதையும் பிரித்துத் துவைத்து, கடற்பாசிக் கஞ்சியிட்டு, பலகையில் விரித்து உலர்த்தி, மீண்டும் ஆடையாக்குவர். பிள்ளைகளின் ஆடையில் தோளிலும் இடுப்பிலும் பெரிய மடிப்பு வைப்பர். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரிப்பர். உடுத்த இயலாது நைந்தபின் அது மெத்தை உறையாகும்; குழந்தைக்கு அணையாடையாகும்; இறுதியில் தரை துடைக்கும் துணியாகும்.

கோடையில் பெட்டிகளைத் திறந்து ஆடைகளைக் காற்றாட விடுவது அவர்கள் மரபு. அப்படியொரு நாளில், ஐந்து குடும்பச் சின்னங்கள் பொறித்த தம் திருமணக் கறுப்புப் பட்டாடையைக் காட்டி, “இது உனக்குத்தான்” என்று அன்னை மகளுக்கு வாக்களித்தாராம்.

போர் வந்தது. 1940 ஜூலை 7-ஆம் நாள் ஆடம்பரப் பொருள்களின் விற்பனையைத் தடுக்கும் ஆணை நடைமுறைக்கு வந்தது. 1942 பெப்ரவரியில் துணிக்குப் பங்கீட்டுச் சீட்டு முறை தொடங்கியது. செம்பா வணிகக் குடும்பத்துச் சகோதரிகள் நால்வரைப் பற்றித் தனிஸாகி ஜுனிசிரோ எழுதிய தொடர்கதைகூடப் போர்க்காலத்துக்கு ஒவ்வாதது என்று 1943-இல் நிறுத்தப்பட்டது. 1945 மார்ச் 13 நள்ளிரவில் தொடங்கிய குண்டு வீச்சில் மூதாட்டியின் வீடும் எரிந்து சாம்பலாயிற்று. முன்னரே சிற்றூருக்கு அனுப்பிய ஒரு பெட்டி ஆடைகள் மட்டுமே எஞ்சின.

போருக்குப் பிந்திய பஞ்ச நாள்களை ஜப்பானியர் “மூங்கில் குருத்து வாழ்க்கை” என்பர். குருத்தின் மடல்களை ஒவ்வொன்றாய் உரிப்பதுபோல், உடைமைகளை ஒவ்வொன்றாய் விற்று அரிசியும் கிழங்கும் வாங்கினர். 1946-இல் ஒருநாள் அன்னை அந்தக் கறுப்புப் பட்டாடையை எடுத்துச் சென்று அரிசியோடு திரும்பினார். பதினொரு வயது மகள் சீறினாள். “எனக்குத் தந்ததை நீ திருடிவிட்டாய், நீ என் தாயே அல்ல” என்றாள். மூன்று நாள் பேசவில்லை.

அன்னை ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. நான்காம் நாள் இரவு தாம் உடுத்தும் கோடிட்ட பருத்தி ஆடையைப் பிரித்தார். விடியுமுன் மகளுக்கேற்ற ஆடையாய்த் தைத்து, அவள் தலைமாட்டில் வைத்தார். தோளிலும் இடுப்பிலும் மடிப்புகள் இருந்தன. ஆண்டுதோறும் அம்மடிப்புகள் பிரிக்கப்பட்டன. மகள் தன் சொல்லுக்காக மன்னிப்புக் கேட்கவேயில்லை.

பல்லாண்டுகள் கழித்து அன்னையின் அடக்கத்துக்கு அயலூரிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய தமையன் அந்தக் கடையில் தொழில் பழகி, போருக்குச் சென்று திரும்பாதவன். “அன்று உங்கள் அன்னை கொண்டுவந்த அரிசியில் பாதியை எங்கள் தாய்க்குத் தந்தார், அதனாலேயே நாங்கள் பிழைத்தோம்” என்று அவர் அழுதாராம். கடையே இல்லாத நாளிலும் அந்த அம்மையார் தம் கடமையை மறக்கவில்லை.

இதைச் சொன்னபோது மூதாட்டியின் விரல்கள் பையின் ஊசித் தடங்களைத் தடவிக்கொண்டிருந்தன. அவர் திருமுழுக்குப் பெற்றது அதற்குப் பிறகுதான். “ஒப்புரவு அருட்சாதனத்தில் நான் முதன்முதல் சொன்ன பாவம் அந்தச் சொல்தான்” என்றார்.

ஜப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் எண்டோ ஷுசாகு, தம் விசுவாசத்தை, சிறுவயதில் தாய் தமக்கு அணிவித்த மேனாட்டு உடைக்கு ஒப்பிட்டார். கழற்றி எறியவும் இயலாமல், தம் உடலுக்குப் பொருந்துமாறு அதனைக் கிமோனோவாகத் திருத்தித் தைப்பதையே வாழ்நாட்பணியாக அவர் கருதினார். தாய் தந்தது முதலில் நமக்குப் பெரிதாயிருக்கலாம். வளர வளர மடிப்பைப் பிரித்துக்கொள்வது நம் பொறுப்பன்றோ?

விடைபெறும்போது மூதாட்டி நம் மகனை நோக்கி ஏதோ சொன்னார். அதனை மட்டும் அவன் உடனே மொழிபெயர்க்கவில்லை. வீடு திரும்பும் வழியில், “தாயிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஏதேனும் இருந்தால் இன்றே கேட்டுவிடு என்றார், அப்பா” என்றான். அன்றிரவு ஊரிலிருந்த தன் தாயுடன் அவன் தொலைபேசியில் நெடுநேரம் பேசினான். என்ன பேசினான் என்று நாம் கேட்கவில்லை.