விலை குறைந்தால்தான் தடம் நிலைக்கும்

ஒரே நேரத்தில் பல நூறு கோரிக்கைகளைக் கையாளும் சர்வரில் சாதாரண லாக் கோப்பு சீக்கிரமே பயனற்றுப்போகும். வரிகள் கலந்து விழும். எது யாருடையது என்று பிரிக்க முடியாது. ரஸ்ட் மொழியில் நிரல் எழுதும் எனக்கு இதிலிருந்து மீள வழிகாட்டியது, டோக்கியோ திட்டத்தின் 'ட்ரேசிங்' நூலகம். அதன் அடித்தளமான 'ட்ரேசிங்-கோர்' பகுதியைப் படித்த பிறகுதான், நல்ல வடிவமைப்பு எதை விட்டுக்கொடுக்காது என்பது எனக்குப் புரிந்தது.

அதில் அடிப்படைக் கூறுகள் சிலவே. ஈவென்ட் என்பது ஒரு கணத்தில் நடந்தது. ஸ்பேன் என்பது தொடக்கமும் முடிவும் உள்ள காலப்பகுதி. ஸ்பேனுக்குள் ஸ்பேன், அதற்குள் ஈவென்ட் என்று அடுக்கும்போது ஒவ்வொரு தகவலும் தன் கோரிக்கையோடு ஒட்டிக்கொள்கிறது. தகவலும் வெறும் வாக்கியமாக இல்லாமல் பெயரும் மதிப்புமாகப் பதிவாகிறது. எண் எண்ணாகவே போய்ச்சேரும்.

இவற்றை எங்கே எழுதுவது என்பதை கோர் தீர்மானிப்பதில்லை. அது தகவலைப் பெற்றுக்கொள்ளும் சப்ஸ்கிரைபரின் வேலை. நூலகம் எழுதுகிறவர் தடத்தை மட்டும் பதிக்கிறார். சப்ஸ்கிரைபரைத் தேர்ந்தெடுப்பது செயலியை எழுதுகிறவரின் உரிமை.

என்னை மிகவும் கவர்ந்தது கால்சைட், அதாவது நிரலில் தடம் பதிக்கும் இடம். அப்படிப்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் பெயர், நிலை, கோப்பு, வரி எண், புலங்களின் பெயர்கள் எல்லாம் மெட்டாடேட்டாவாக முன்பே நிலையாக அமைந்துவிடுகின்றன. ஓடும்போது மாறுவது மதிப்புகள் மட்டுமே. அந்த இடத்தை முதன்முறை எட்டும்போது, 'இதில் உனக்கு ஆர்வம் உண்டா?' என்று சப்ஸ்கிரைபரிடம் கேட்கப்படும். பதில் மூன்றில் ஒன்று: எப்போதும், சிலசமயம், ஒருபோதும் இல்லை. அந்தப் பதில் சேமித்து வைக்கப்படும். 'ஒருபோதும் இல்லை' என்றால் அடுத்தமுறை ஒரு சின்னச் சோதனையோடு வேலை முடிந்தது. புலங்களின் மதிப்பைக் கணக்கிடுவதுகூட இல்லை.

ஸ்பேனுக்குள் நுழைவதும் வெளியேறுவதும் வேறு, ஸ்பேன் முடிவது வேறு என்று பிரித்திருப்பதும் ஆழ்ந்த யோசனை. அசிங்க் பணி ஒன்று காத்திருக்கும்போது அதே த்ரெட் வேறு பணியை எடுத்துக்கொள்ளும். நுழைந்த ஸ்பேனை விடாமல் பிடித்துக்கொண்டு, பணி காத்திருக்கும் இடமான அவெய்ட்டைக் கடந்தால், அந்த வேறு பணியின் ஈவென்ட்களும் நம் கணக்கில் விழும். ஆகவே அங்கே ஸ்பேனைப் பணியோடே கட்டிவிட வேண்டும். 'இன்ஸ்ட்ருமென்ட்' அதைத்தான் செய்கிறது: பணி ஓடும் ஒவ்வொரு முறையும் நுழைந்து, நிற்கும்போது வெளியேறும்.

சேமித்த பதில்களை மறுபடி கேட்டுப் புதுப்பிக்கவும் வழியுண்டு. அதனால் ஓடும் சர்வரை நிறுத்தாமலே எந்தத் தடங்கள் வேண்டும் என்று தீர்மானிக்கும் வடிகட்டியை மாற்றி, உறங்கும் தடங்களை எழுப்பலாம். கோளாறு வந்தபின் தடம் பதிக்க நேரம் இருக்காது. நிரலின் முதல் வடிவத்திலேயே ஸ்பேன்களை எழுதிவிடுங்கள். அணைத்து வைத்தால் அவற்றின் சுமை மிகச் சிறியது.