ஒலியும் அளவும்

நம் இல்லத்தில் ஒரு பாட்டுப் பேழை உண்டு. பேழை என்றவுடன் தேக்குமரப் பெட்டியை எண்ணிவிட வேண்டாம். உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு ஹார்ட் டிஸ்க்தான் அது. படத்தோடு கூடிய பாடல்கள் நூற்று நாற்பதுக்குக் குறையாமல் அதனுள் இருக்கின்றன. 1980-களில் மீலாது மேடைகளில் பிடித்த வீடியோ கேஸட்டுகளிலிருந்து மாற்றப்பட்டவை சில. பின்னாளில் கடைத்தெருவில் வாங்கிய வி.சி.டி. தட்டுகளிலிருந்து எடுத்தவை சில. பிள்ளைகள் இணையத்திலிருந்து இறக்கி வைத்த அரபு, உருதுப் பாடல்கள் பல. தஃப் மட்டும் ஒலிப்பவையும், எக்கருவியும் இல்லாதவையும், எல்லாக் கருவிகளும் ஒருசேர முழங்குபவையும் அதில் உண்டு. இசைக் கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை ஈண்டு விரிக்க நாம் முற்படவில்லை. நாம் சொல்ல வந்தது அவற்றின் ஒலியளவைப் பற்றி மட்டுமே.

இப்பேழையின் முதன்மையான இரசிகர் நம் மூத்த சகோதரி. எழுபதைக் கடந்தவர், கணவரை இழந்தபின் நம்மோடு வசித்து வருபவர். லுஹர் தொழுது, உணவு கொண்டு, சற்றே சாய்ந்தெழுந்தபின் அஸருக்குப் பாங்கு கேட்கும்வரை டி.வி.யில் இப்பாடல்களைக் கேட்டிருப்பது அவருடைய வழக்கம். செவிப்புலன் மங்கிவிட்டது. மேடைப் பதிவு ஒன்று வரும். கிணற்றுக்குள்ளிருந்து எழுவது போன்று கேட்கும். ராத்தா ரிமோட்டை எடுத்து ஒலியை ஏற்றுவார். அது முடிந்ததும், நேற்று வந்த புதுப்பாடல் ஒன்று இடி விழுந்தாற்போல் தொடங்கும். அடுத்த வீட்டுக் கைக்குழந்தை விழித்துக்கொண்டு அலறும். ராத்தா நடுங்கும் விரலால் பொத்தானைத் தேடுவார். ஒருநாள், "போதும் தம்பி, இனி இது வேண்டாம். நான் தஸ்பீஹ் எடுத்துக்கிறேன்" என்று சொல்லி எழுந்துவிட்டார். தஸ்பீஹ் மேலானதுதான். ஆனால் அன்று அவர் எழுந்தது அதனை நாடியன்று. பிறருக்குத் தொல்லையாகிறோமே என்னும் கூச்சத்தினால். அது நமக்கு விளங்கிற்று, உறுத்தவும் செய்தது.

முதுமையில் செவி மங்குவதை, எல்லா ஒலியும் ஒரே சீராகக் குறைந்துவிடுவது என்றே பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர் அணுக்கள் தேய்ந்தபின் மெல்லிய ஒலிகள் கேளாமற் போகின்றன. உரத்த ஒலிகளோ இளஞ்செவியைத் தாக்குவது போலவே, சிலவேளை அதனினும் மிகுதியாகவே, தாக்குகின்றன. கேளாமைக்கும் வேதனைக்கும் இடையில் இருந்த அகன்ற வெளி ஒடுங்கிவிடுகிறது. பாட்டுக்குப் பாட்டு ஒலி ஏறி இறங்கினால் நமக்கு அது ஓர் எரிச்சல். அவருக்கோ அது துன்பம். எனவே பேழையிலுள்ள பாடல்களையெல்லாம் ஓரளவுக்குக் கொண்டுவருவது என்று முடிவு செய்தோம். கம்ப்யூட்டர் வேலையில் மகன் துணை நின்றான். பிழைகளில் பெரும்பங்கு நம்முடையவை.

பழைய பதிவுகள் ஏன் அத்துணை மெலிந்து ஒலிக்கின்றன? நாகூர் இ.எம். ஹனிபா அவர்கள் 2015-இல் மறைந்தார்கள்; அவர்களுடைய ஓங்கிய குரலை மேடையருகில் நின்று கேட்டவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அக்குரலே நம் கேஸட்டில் முனகலாகிவிட்டது. குறை குரலினுடையதன்று, நாடாவினுடையது. சாதாரண வி.எச்.எஸ். கருவி படத்துக்கே நாடாவின் அகலத்தைப் பெரிதும் கொடுத்துவிட்டு, ஒலிக்கு ஓரத்தில் ஒரு மெல்லிய கோட்டைத்தான் ஒதுக்குகிறது. நம் நாட்டு முறையில் அந்நாடா ஓடும் வேகமோ நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவு. பாட்டுக் கேஸட்டின் வேகத்தில் ஏறத்தாழப் பாதி. புதுப்பாடல்களின் நோய் இதற்கு நேர்மாறு. அடுத்தவன் பாட்டைவிட நம் பாட்டு உரக்கக் கேட்கவேண்டும் என்ற போட்டியில், மென்மையான பகுதிகளையும் உச்சிக்கே தள்ளி அமுக்கிப் பதிவு செய்கிறார்கள். கல்யாணப் பந்தலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதற்கு ஒப்பானது அது.

முதலில் நாம் ஒவ்வொரு பாட்டின் உச்சியையும் அளந்து, எல்லா உச்சிகளையும் ஒரே உயரத்தில் நிறுத்தினோம். பயன் விளையவில்லை. மேடைப் பதிவில் யாரோ மைக்கைத் தட்டிச் சோதித்த ஒரேயொரு 'டொக்' ஓசை வானத்தைத் தொட்டிருந்தது. கணக்குப்படி அது உரத்த பாட்டு; காதுப்படி மெலிந்த பாட்டு. ஓர் ஊரின் செல்வத்தை அவ்வூரின் பெருஞ்செல்வர் ஒருவரைக் கொண்டு மதிப்பிடுவது போன்ற பிழை அது.

காது உணர்வது உச்சியை அன்று, நீடித்து நிற்கும் உரப்பை. வானொலி, தொலைக்காட்சித் துறையினரும் இதே தொல்லைக்கு ஆளானவர்களே. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் காதின் இயல்புக்கு இயைய உரப்பை அளக்கும் முறையொன்றை 2006-இல் வகுத்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் அதனை அடியொற்றி, நிகழ்ச்சிகளின் உரப்பு மைனஸ் 23-இல் நிற்கவேண்டும் என்று விதித்தது. இந்த அளவுக்கு எல்.யு.எஃப்.எஸ். என்று பெயர். பதிவு தாங்கக்கூடிய உச்ச எல்லையைச் சுழியமாகக் கொண்டு கீழ்நோக்கி எண்ணுவதால் எண்களெல்லாம் மைனஸாகவே வரும். ஓர் அலகு ஒரு டெசிபலுக்குச் சமம். பத்து டெசிபல் ஏறினால் காதுக்கு ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும். இதற்கு முன்பே, 2001-இல், ரீப்ளேகெயின் என்றொரு முறை வந்தது. பாட்டைத் தொடாமல், எவ்வளவு ஏற்றவேண்டும், இறக்கவேண்டும் என்னும் எண்ணை மட்டும் கோப்பின் ஓரத்தில் குறித்து வைக்கும் நல்ல முறை. ஆனால் நம் டி.வி. அக்குறிப்பைப் படிக்கவில்லை.

ஆகவே எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவசக் கருவியையும், அதிலுள்ள லவுட்நார்ம் என்னும் வடிகட்டியையும் நாடினோம். படத்தை அப்படியே விட்டுவிட்டு ஒலியை மட்டும் மாற்றும் வசதி அதில் இருக்கிறது. ஓர் இரவு முழுதும் ஓடவிட்டோம். இடம் போதவில்லை என்று, மாற்றியதை அசலின் மேலேயே எழுதுமாறும் செய்தோம். அந்த ஒரு சிக்கனத்தை இன்று நினைத்தாலும் மனம் கூசுகிறது.

விடிந்தபோது நூற்று நாற்பது பாடல்களும் ஒரே அளவில் ஒலித்தன. ராத்தா மீண்டும் டி.வி.யின் முன் அமர்ந்தார். ஒருவாரம் வீட்டில் மகிழ்ச்சி. எட்டாம் நாள் அந்தத் தாலாட்டு வந்தது.

அதைப்பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 1991-இல் ராத்தாவின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. வளைகுடாவிலிருந்து வந்திருந்த மச்சான் வீடியோ கேமரா ஒன்று கொண்டு வந்திருந்தார். பெண்களின் முகம் படத்தில் விழலாகாது என்று வாப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், கேமரா தொட்டிலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னாலிருந்து உம்மா தம் கொள்ளுப்பேரனுக்குத் தாலாட்டுப் பாடுகிறார்கள். நான்கு நிமிடம். சேலைத் தொட்டில் ஆடுகிறது. மேலே மின்விசிறி முனகுகிறது. யாரோ ஒரு கிலுகிலுப்பையைத் தரையில் தவறவிடுகிறார்கள். 1994-இல் உம்மா வஃபாத்தானார்கள். அவர்களுடைய குரல் இவ்வுலகில் எஞ்சியிருப்பது அந்த நான்கு நிமிடத்தில் மட்டுமே.

ராத்தா பாட்டை இறுதிவரை கேட்டார். பிறகு நம்மைத் திரும்பிப் பார்த்து, "என்ன தம்பி செஞ்சே? உம்மா இப்படிப் பாடமாட்டாங்களே. புள்ளைக்குக் கண் சொக்கினதும் குரல் இறங்கிடுமே" என்றார்.

மறுபடியும் ஓட்டிக் கேட்டோம். அவர் சொன்னது உண்மை. முழுப் பாட்டையும் முன்கூட்டி அளந்து சொல்லாவிட்டால், அக்கருவி போகிறபோக்கில் கணத்துக்குக் கணம் ஒலியைத் திருகிக்கொண்டே செல்லும். உம்மாவின் குரல் தாழத் தாழ, அது ஏற்றிக்கொண்டே சென்றிருக்கிறது. தொடக்கத்தில் எந்த உரப்போ இறுதியிலும் அதே உரப்பு. குழந்தை உறங்கிய பின்னர் வரும் மௌனத்தையும் அது விட்டுவைக்கவில்லை. மின்விசிறியின் முனகலைப் பிடித்துத் தூக்கிப் பேரிரைச்சலாக்கிவிட்டது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே இருந்த மேடு பள்ளத்தை நிரவச் சொன்னால், பாட்டுக்குள்ளேயே இருந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து உழுதுவிட்டது.

தஜ்வீது கற்பிக்கும் நமக்கு இது தோன்றாமற் போனதே வியப்பு. ஓசை உள்ளே அடங்காமல் மூச்சோடு கசியும் ஹம்ஸ் எழுத்துகள் பத்து. ஏனையவை ஜஹ்ருடைய எழுத்துகள். ஒரே சொல்லுக்குள் இவ்விரண்டும் அருகருகே நிற்கும். இரண்டையும் ஒரே உரப்பில் ஓதும் மாணவனை எத்தனை முறை நிறுத்தித் திருத்தியிருக்கிறோம்! அதே பிழையைக் கருவி செய்தபோது ஒருவாரம் களிப்புற்றிருந்தோம்.

அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவான ஒரு நிகழ்ச்சி அன்றிரவு நினைவுக்கு வந்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இரவில் வெளியே சென்றபோது, அபூபக்கர் (ரலி) தாழ்ந்த குரலில் ஓதித் தொழுவதையும் உமர் (ரலி) உரத்த குரலில் ஓதித் தொழுவதையும் கேட்கிறார்கள். பின்னர் இருவரையும் விசாரிக்கிறார்கள். தாம் யாரிடம் உரையாடினாரோ அவனுக்குக் கேட்டுவிட்டது என்கிறார் முன்னவர். தூங்குவோரை எழுப்பி ஷைத்தானை விரட்டுகிறேன் என்கிறார் பின்னவர். முன்னவரைக் கொஞ்சம் உயர்த்துமாறும் பின்னவரைக் கொஞ்சம் தாழ்த்துமாறும் பெருமானார் (ஸல்) பணித்தார்கள். இதனைப் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறோம். அதில் 'கொஞ்சம்' என்ற சொல் இருமுறை வருவதை அன்றுதான் நின்று கவனித்தோம். ஒருவர் மற்றவரைப் போல் ஓதவேண்டும் என்று சொல்லப்படவில்லை. அவரவர் ஓதல் அவரவருடையதாகவே இருந்தது. நின்ற படி மட்டுமே மாறிற்று.

ஆனால் அசல் எங்கே? மூல கேஸட்டில் பூஞ்சை படர்ந்து வருடங்களாகின்றன. மற்றப் பாடல்களைத் திரும்பவும் தேடிக்கொள்ளலாம். உம்மாவை எங்கே தேடுவது? இரண்டு நாள் நமக்குச் சோறு இறங்கவில்லை. ராத்தா ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அது இன்னும் பாரமாயிருந்தது. கடைசியில் கைகொடுத்தவன் அந்தத் தொட்டிலில் கிடந்தவனே. இப்போது முப்பதைக் கடந்து துபாயில் பணிபுரிகிறான். ஊரிலிருந்து புறப்படும்போது தன் லேப்டாப்பில் அந்தக் கோப்பைப் படியெடுத்துச் சென்றிருக்கிறான். காணொளியாக அனுப்பினால் வழியில் அமுக்கப்பட்டுவிடும் என்பதால், ஆவணமாகவே அனுப்பச் சொல்லி வாங்கினோம். அல்ஹம்துலில்லாஹ். அதை முதலில் இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்த பின்னரே மறுவேலை.

இம்முறை அளந்துவிட்டுத்தான் கைவைத்தோம். புதுப்பாடல் ஒன்று மைனஸ் 9-இல் நின்றது. உம்மாவின் தாலாட்டு மைனஸ் 38-இல். இடைவெளி 29 டெசிபல்! ராத்தாவின் விரல் ஏன் நடுங்கிற்று என்பது எண்ணிலேயே தெரிந்தது. புதுப்பாடலை 14 இறக்கி 23-க்குக் கொண்டுவந்தோம். இறக்குவதில் சிக்கல் இல்லை. தாலாட்டை 15 ஏற்றினால்தான் அதே அளவை எட்டும். ஆனால் அந்தக் கிலுகிலுப்பை விழுந்த ஓசை மைனஸ் 12-இல் இருந்தது. 15 ஏற்றினால் அது உச்ச எல்லையைக் கடந்து நொறுங்கும். கருவியிடம் விட்டால் மீண்டும் திருகத் தொடங்கிவிடும். எனவே முழுப் பதிவையும் ஒரே சீராக 11 மட்டும் ஏற்றி, மைனஸ் 27-இல் நிறுத்தினோம். மற்றவற்றைவிட அது நான்கு டெசிபல் தாழ்ந்தே இருக்கிறது. மின்விசிறியும் 11 ஏறிற்று, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் ராத்தாவை அழைத்து அமர்த்தி ஓட்டினோம். தொட்டில் ஆடிற்று. உம்மாவின் குரல் எழுந்தது. மூன்றாம் நிமிடத்துக்குப் பின்னர் அது தாழ்ந்துகொண்டே சென்று, இறுதியில் மூச்சோடு மூச்சாயிற்று. அந்த இறுதிப் பகுதி ராத்தாவின் காதுக்கு எட்டாது என்பது நமக்குத் தெரியும். பழுதுபட்ட பதிவிலாவது அவருக்கு அது கேட்டது. நாம் ரிமோட்டை எடுத்தோம்.

ராத்தா நம் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூட்டாதே தம்பி. கேட்காட்டி போகட்டும். புள்ளை உறங்கிட்டான்."

தொட்டில் நின்றது. அடுத்த பாடல் தொடங்கிற்று. அவர் திடுக்கிடவில்லை.