‘நாம எல்லாம் ஒரே குடும்பம்’ என்றார்கள்

கிருஷ்ணன்கோவிலில் படித்து முடித்து, நாங்கள் நான்கு பேர் சென்னையில் ஒரே நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். வத்திராயிருப்புப் பக்கத்துக் காலனிகளைச் சேர்ந்தவர்கள். வீட்டில் முதல் பட்டதாரிகள். சேர்ந்தபோது அங்கே முப்பது பேர் இருந்தார்கள். ஒன்றரை வருடத்தில் இருநூறைத் தாண்டியது.

நிறுவனருக்கு எங்களைவிட நான்கு வயதுதான் கூடுதல். அதற்குமுன் அவர் யாரிடமும் வேலை பார்த்ததில்லை, யாரையும் வேலை வாங்கியதும் இல்லை. “இங்க சார், மேடம் எல்லாம் வேண்டாம். நாம எல்லாம் ஒரே குடும்பம்” என்றார். எங்களுக்கு அது பிடித்திருந்தது. ஊரில் எங்கள் அப்பாக்களைப் பொடியன்கள் ஒருமையில் கூப்பிடுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்பது சின்ன விஷயமா?

ஆட்கள் கூடக் கூட, பொறுப்புகளுக்கு ஆள் தேவைப்பட்டது. யாருக்குக் கொடுப்பது என்று எழுதிய விதி எதுவும் இல்லை. மனிதவளப் பிரிவுக்கு நிறுவனரின் அத்தை மகன் வந்தார். டீம் லீடர்களாக அவருடைய கல்லூரி நண்பர்கள் வந்தார்கள். சம்பள உயர்வு சனிக்கிழமை இரவு விருந்தில் முடிவானது. அந்த விருந்துக்கு எங்களை அழைத்ததில்லை. எங்களிடம் கேட்டதெல்லாம், “ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமா? அங்க எந்தத் தெரு?” என்பதுதான்.

அவர் எங்களைத் திட்டியதில்லை. பழகிய முகங்களை நம்பினார். ஆனால் இந்த நாட்டில் யாருக்கு யார் பழகிய முகம் என்பதைப் பெரும்பாலும் சாதிதான் முடிவு செய்கிறது. எழுதிய விதி இல்லாத இடத்தில் சாதியே சத்தமில்லாமல் விதியாகிவிடுகிறது.

முதலீடு நின்றதும் பதினோரு பேரை அனுப்பினார்கள். எங்கள் நால்வரில் மூவர் அதில் இருந்தோம். காரணம் கேட்டோம். “கல்ச்சர் ஃபிட் இல்ல” என்றார்கள். எழுதிக் கேட்டோம், தரவில்லை.

பெரிய நிறுவனங்களிலும் இதே அவசரம்தான். 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புப் போடப்பட்ட பைஜூஸ், அந்த அக்டோபரிலேயே சுமார் 2,500 பேரை நீக்கப்போவதாக அறிவித்தது. கணக்கு தாமதமாவதைச் சொல்லி 2023 ஜூனில் தணிக்கை நிறுவனமான டெலாய்ட் விலகியது. 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது.

ஆனால் மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில் நடந்ததை நாம் படிக்க வேண்டும். 2022இல் அங்கிருந்த பைஜூஸ் ஊழியர்கள், கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்குகிறார்கள் என்று பிரதித்வனி அமைப்போடு சேர்ந்து தொழிலாளர் அமைச்சர் சிவன்குட்டியிடம் போனார்கள். முதல்வருடன் பேச்சு நடந்த பிறகு, அலுவலகம் தொடரும் என்று நிறுவனம் அறிவித்தது. நாங்கள் ஆளுக்கொரு அறையில் தனித்தனியாக அழுதுகொண்டிருந்தோம்.

தனியார் துறையில் நமக்கு இட ஒதுக்கீடு இல்லை. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016இல் சொன்னதுகூட எங்களுக்குத் தெரியாது. விடுதிச் சுவரில் அண்ணல் படத்தை ஒட்டியிருந்தோம். ஆனால் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த அண்ணல், முதலாளியின் நல்ல மனசை நம்பாமல் சட்டத்தை நம்பினார் என்பதை மறந்துவிட்டோம்.

தம்பி, தங்கைகளே! வேலைக்குப் போங்கள். சம்பள உயர்வுக்கான அளவுகோலை முதல் மாதமே மின்னஞ்சலில் கேளுங்கள். பாராட்டையும் புகாரையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். கஷ்டம் வருமுன்பே சங்கத்தில் சேருங்கள். குடும்பம் நமக்கு ஊரில் இருக்கிறது. கம்பெனியிடம் நாம் கேட்பது விதி.