வெளிறிய தாளும் ஒரு கணக்கு

1842ஆம் ஆண்டில் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த சயனோடைப் முறைக்குக் கேமரா தேவையில்லை. இரண்டு இரும்பு உப்புக் கரைசல்களைக் கலந்து, கையுறையணிந்து தாளில் பூசி, இருளில் உலர்த்த வேண்டும். அதன்மேல் ஓர் இலையை வைத்து வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால், நீலப் பரப்பில் வெண்ணிற இலையுருவம் எஞ்சும்.

இதனை எம் மாணவர்களுக்குக் கற்பித்தபோது ஒன்றைக் கவனித்தோம். தாள் நீலமாகத் தொடங்கியதுமே, அழகாயிருக்கிறதென்று வெயிலிலிருந்து எடுத்துவிடுகின்றனர். அலசும்போது அந்நீலம் கரைந்தோடிவிடுகிறது. வெயில் பட்ட பகுதி சாம்பல் நிறமேறும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

ஒரு சிறுவன் தன் வெளிறிய தாளைக் கசக்கி மறைத்துக்கொண்டான். அதை வாங்கி விரித்து, பின்புறத்தில் ‘4 நிமிடம், காலை வெயில்’ என்று பென்சிலால் எழுதச் செய்தோம். அடுத்த தாளில் நேரத்தை மட்டும் மாற்றினான். 8 நிமிடத்தில் நீலம் நிலைத்தது. பூச்சையும் தாளையும் சேர்த்து மாற்றியிருந்தால், காரணம் எதுவென்று அறிந்திருக்க மாட்டான்.

பெற்றோர்களே, கெட்டுப்போன தாளைக் கண்டு பிள்ளையை ஏசாதீர்கள். ஏசினால் மறைப்பான், மறைத்தால் அதிலுள்ள கணக்கையும் இழப்பான். ‘எவ்வளவு நேரம் வைத்தாய்?’ என்று மட்டும் கேளுங்கள். அடுத்த தாளை அவனே எடுப்பான், இன்ஷா அல்லாஹ்.