எங்கள் ஊர் டாக்டர்

எனது ஊர் சிங்காநல்லூர். கோவையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. "அது ஓர் ஊரா? கோயமுத்தூரின் ஒரு பகுதிதானே!" என்று வகுப்பு நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. 1981-ல் கோவை மாநகராட்சி ஆனபோது சிங்காநல்லூர் நகராட்சியும் அதனுடன் சேர்க்கப்பட்டது உண்மைதான். ஆயினும் எங்கள் வீட்டில் இன்றைக்கும் டவுன்ஹால் பக்கம் போவதாக இருந்தால், "கோயமுத்தூருக்குப் போயிட்டு வந்தர்றேன்" என்றுதான் சொல்லுவார்கள். குளமும் வயலும் பஞ்சாலையும் சேர்ந்து உண்டாக்கிய ஊர் இது. வயல் வீட்டுமனையாகிவிட்டது. பல ஆலைகள் மூடப்பட்டுவிட்டன. குளம் மட்டும் இருக்கிறது. 2017-ல் அதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலம் என்று மாநகராட்சி அறிவித்தது.

எங்கள் பக்கத்து மருத்துவர் ஒருவரின் பெயர் வெளியூர்ப் பத்திரிகைகளிலும் வந்தது. டாக்டர் பாலசுப்பிரமணியம் என்றால் சிலருக்கு நினைவு வராமல் போகலாம். 'இருபது ரூபாய் டாக்டர்' என்றால் உடனே தெரியும். இ.எஸ்.ஐ. மருத்துவப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். கோவையில் சிறிய கிளினிக் வைத்திருந்தார். தொடக்கத்தில் இரண்டு ரூபாய், பிறகு பத்து, கடைசிக் காலத்தில் இருபது. இதுதான் அவர் வாங்கிய கட்டணம். 2016 நவம்பரில் மாரடைப்பால் காலமானார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து இரண்டு வாரங்கூட ஆகவில்லை. ஊரெங்கும் சில்லறைக்குப் பஞ்சம். வங்கி வாசலில் நின்றவர்களும் அஞ்சலி செலுத்தப் போனார்கள். அத்தனை கூட்டம் ஒரு டாக்டருக்கு வந்ததைப் பத்திரிகைகள் வியந்து எழுதின. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் வியப்பு ஏதும் இருக்கவில்லை.

இப்படிப்பட்டவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். வடசென்னையில் 'ஐந்து ரூபாய் டாக்டர்' என்று பெயர் பெற்ற டாக்டர் ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரில் மறைந்தார். வியாசர்பாடியில் 1973-லிருந்து வைத்தியம் பார்த்த டாக்டர் திருவேங்கடம் வீரராகவன், அதே பட்டப்பெயரோடு, 2020 ஆகஸ்டு 15-ஆம் நாள் மறைந்தார். நெசவாளி, மீனவர், ஆலைத் தொழிலாளி, கைவண்டிக்காரர் வாழும் இடங்களிலெல்லாம் இத்தகைய ஒருவர் இருந்திருக்கிறார்.

ஆனால், நண்பர்களே, 'இருபது ரூபாய் டாக்டர்' என்ற பெயர் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஒரு மனிதருக்கு விலைச்சீட்டு ஒட்டியது போல் இருக்கிறது. மலிவு என்பதற்காக மட்டுமா மக்கள் அவரிடம் போனார்கள்? மலிவைவிட மலிவு, முற்றிலும் இலவசமாகவே, ஊரில் இருந்தது. வரதராஜபுரத்துப் பக்கம் பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனை, 2016-ல் அது மருத்துவக் கல்லூரியாகவும் ஆயிற்று. 2020-ல் கொரோனா வந்தபோது மாவட்டத்து நோயாளிகளையெல்லாம் அங்கேதான் கொண்டு சேர்த்தார்கள். அவ்வளவு பெரிய மருத்துவமனை பக்கத்திலிருக்க, ஒரு சிறு கிளினிக்கில் ஏன் நிற்க வேண்டும்?

இதற்கு விடை எங்கள் அம்மிச்சியிடம் இருக்கிறது. அம்மிச்சி அந்த டாக்டரிடம் காட்டி வந்தவர்களில் ஒருவர். இனாமாக எதையும் வாங்கமாட்டார். கோயில் பிரசாதம் வாங்கினாலும் உண்டியலில் ஒரு ரூபாயாவது போட்டுவிட்டுத்தான் வருவார். "காசு குடுத்தாத்தான் கண்ணு, நாம ரெண்டு வார்த்தை கேக்க முடியும்" என்பார். அந்த இருபது ரூபாய் டாக்டருக்கு வருமானமாக இருந்ததோ இல்லையோ, அம்மிச்சிக்கு அது பேசுவதற்கான உரிமையாக இருந்தது. தருமம் வாங்கப் போகிறவள் அல்ல, வைத்தியம் பார்க்கப் போகிறவள் என்ற நிமிர்வு. இதைப் பொருளாதாரப் பேராசிரியர்கள் எந்தக் கணக்கில் சேர்ப்பார்களோ, அறியேன்.

இரண்டாவது காரணம், தெரிந்த டாக்டர் என்பது. வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவன் கருத வேண்டியவை மூன்று என்கிறார்: நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம். நோயாளியை முதலில் வைத்தார் என்பதைத் தமிழாசிரியர் வகுப்பில் அழுத்திச் சொன்னபோது எனக்கு எங்கள் அப்பச்சியின் கதைதான் நினைவுக்கு வந்தது. நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டவர். அம்மா சொல்லித்தான் தெரியும். பஞ்சாலையில் 'ப்ளோ ரூம்' வேலை. பேல் உடைத்துப் பஞ்சை அடிக்கிற இடம். தூசி பறக்கும், கண் இமையெல்லாம் நரைத்தது போல் வீட்டுக்கு வருவாராம். ஞாயிறு விடுமுறை, திங்கட்கிழமை மில் சங்கு ஊதி உள்ளே போனால் நெஞ்சை இறுக்கும். செவ்வாய், புதன் ஆக ஆகச் சற்றுத் தேவலை. அடுத்த திங்கள் மறுபடியும். வீட்டில் எல்லாரும், "வேலைக்குப் போறதுக்குச் சோம்பல்" என்று சிரிப்பார்களாம்.

பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயின் அடையாளமே அதுதான். ஓய்வு நாளுக்குப் பின் வரும் முதல் வேலை நாளில் நெஞ்சு இறுகும். ஆங்கிலத்தில் 'பிசினோசிஸ்' என்று பெயர். ஆண்டுக்கணக்கில் தூசியைச் சுவாசித்தால் எல்லா நாளும் திங்கட்கிழமையாகிவிடும். பிறகு நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் இருந்த ஒரு டாக்டர் அப்பச்சியிடம், "என்ன செய்யுது?" என்று கேட்குமுன், "எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டாராம். அவர் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. ரீலிங்குக்கு மாற்றச் சொல்லி அவர் எழுதிக்கொடுத்த சீட்டினால்தான் அப்பச்சி மேலும் பதினைந்து ஆண்டு இருந்தார் என்பது அம்மிச்சியின் கணக்கு. இத்தாலிய மருத்துவர் இராமசீனி 1700-ல் தொழிலாளர் நோய்களைப்பற்றி எழுதிய நூலில், நோயாளியிடம் அவன் தொழில் என்ன என்றும் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்வி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட இ.எஸ்.ஐ. திட்டத்தின் வழியாக என்று சொல்லலாம். தமிழ்நாட்டில் அத்திட்டம் 1955-ல் முதன்முதல் தொடங்கியது கோவையில்தான்.

வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்று ஒரு சிற்றூர்; நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர். அங்கே ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற குடும்ப மருத்துவர் 1960-களில் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இருந்தார். எங்களுக்குப் பஞ்சுத் தூசி, அவர்களுக்குக் கரித்தூசி. அவர் செய்த வேலை எளிமையானது. தலைவலி, இருமல் என்று எதற்காக வந்தாலும் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக் குறித்து வைத்தார். வராதவர்களைத் தேடிப் போனார். இவ்வாறு தம் பொறுப்பிலிருந்த ஊர் முழுவதையும் அளந்துவிட்டார். 1971-ல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல மருத்துவம் எங்கே மிகுதியும் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது. சந்தையின் கையில் மருத்துவம் எவ்வளவுக்குச் சிக்குகிறதோ அவ்வளவுக்கு இது கடுமையாகும் என்பது அதன் சாரம். தலைகீழ்ப் பராமரிப்பு விதி என்று உலகம் அதைச் சொல்கிறது. அவிநாசி சாலையில் வரிசையாக நிற்கும் மருத்துவமனைகளைப் பேருந்தில் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்த விதி ஞாபகம் வரும்.

ஒரே டாக்டரிடம் தொடர்ந்து காட்டுவது வெறும் மனத்திருப்திதானா என்பதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. 2018-ல் பிரிட்டனில் சில மருத்துவர்கள், ஒன்பது நாடுகளில் நடந்த 22 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அவற்றுள் 18 ஆய்வுகளில், ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து பார்த்தவர்களிடையே இறப்பு குறைவாகக் காணப்பட்டது. ஏன் என்பதை அந்த எண்கள் சொல்லமாட்டா. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் ஓரளவு விளங்கலாம்.

டாக்டர் மறைந்தபின் அம்மிச்சி எங்கெங்கோ போனார். இரத்தக் கொதிப்புக்கு ஒரு தனியார் மருத்துவமனை. ஆறு மாதம் கழித்துத் தலைசுற்றல் வர, பெரியம்மா வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கேயும் கொதிப்புக்கு மாத்திரை எழுதினார்கள். பழைய சீட்டை யாரும் கேட்கவில்லை. சில மாதங்களில் கணுக்கால் இரண்டும் வீங்கின. மூன்றாவதாக ஓர் இடத்தில் வீக்கத்துக்கென்று நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார்கள். இரவில் நான்கு முறை எழுந்திருக்க வேண்டியதாயிற்று. 2019-ல் ஒரு நாள் விடியற்காலை, எழுந்து போகும்போது கண் இருட்டி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதற்கு நான்காவது டாக்டர், வலி மாத்திரை, அது வயிற்றைப் புண்ணாக்காதிருக்க இன்னொரு மாத்திரை. துணிக்கடைப் பை ஒன்று நிறைய மாத்திரை அட்டைகள்! அம்மிச்சிக்கு அது ஏதோ சொத்து போல. படுக்கைத் தலைமாட்டிலேயே வைத்திருப்பார்.

2021 ஆகஸ்டில் அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு எங்கள் வீதிக்கு வந்த ஒரு நர்ஸம்மா, அந்தப் பையைக் கட்டிலின்மேல் கவிழ்த்தார். ஒவ்வொரு அட்டையையும் திருப்பி, பின்புறமுள்ள சிறிய எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். பச்சை அட்டையில் ஒரு பெயர், நீல அட்டையில் வேறு பெயர். உள்ளே இருந்தது இரண்டிலும் ஒரே மருந்து, அம்லோடிபின். இரட்டை அளவாக மூன்று ஆண்டுக்கு மேல் விழுங்கியிருக்கிறார். கால் வீங்கியது அந்த மருந்தால். வீக்கத்துக்குக் கொடுத்த மருந்தால் எழுந்து நடந்ததும், கண் இருட்டியதும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ஒன்றைக் குறைத்தார், இரண்டை நிறுத்தினார். ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்தது. கை மட்டும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. முறுக்கு பிழிய முடியாது என்பது அம்மிச்சியின் தீராத குறை.

இதில் யாரையும் கெட்ட டாக்டர் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொருவரும் தம் முன்னால் வந்த துண்டை மட்டும் பார்த்தார். துண்டுகளையெல்லாம் சேர்த்துப் பார்க்க ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான். குடும்ப மருத்துவர் என்பவர் சிறிய வியாதிக்கான டாக்டர் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பையைக் கவிழ்க்கிற வேலை பெரிதா, சிறிதா?

டாக்டர் பாலசுப்பிரமணியத்தைக் கடவுள் என்று பலர் எழுதினார்கள். அன்பினால் எழுதியது, குறை சொல்லவில்லை. ஆனாலும் கடவுள் என்று கும்பிட்டுவிட்டால், அடுத்தவர் யார் என்று கேட்க வாய் வராது. மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிற ஒருவர் இருபது ரூபாய்க்குப் பார்க்கலாம். கடன் வாங்கிப் படித்து இருபத்தைந்து வயதில் வெளியே வருகிற இளைஞர் பார்க்க இயலுமா? வாடகை, கம்பவுண்டர் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் அவரை எங்கே தள்ளும்? அவரைத் தியாகி ஆகச் சொல்லுவது எளிது. அவர் எங்கள் ஊரில் நல்லபடி பிழைக்க வழி செய்வதைப்பற்றி நாம் பேசுவதே இல்லை.

என் பெரியம்மாவின் மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். 2020-ல் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இப்போது படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கிறாள். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, "அக்கா, சிங்காநல்லூர்ல கிளினிக் போடுவியா?" என்று கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. "வெறும் எம்.பி.பி.எஸ். போர்டு மாட்டுனா யாருடா வருவாங்க? ஸ்பெஷலிஸ்டா, ஸ்கேன் இருக்கான்னுதான் கேக்கறாங்க. மேல படிக்கோணும். குடும்ப மருத்துவத்துலயே மேல்படிப்பு இருக்குது. ஆனா எங்க வகுப்புல அதைச் சொன்னா சிரிக்கறாங்க" என்றாள். பிறகு, "அந்தக் காலத்து டாக்டருங்க மாதிரி இருபது ரூபாய்க்கு என்னால முடியாதுடா" என்றும் சொன்னாள்.

திண்ணையில் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்த அம்மிச்சி, நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "இருவது எதுக்குச் சாமி? நூறு வாங்கு. தெனமும் சாயங்காலம் ஒரே எடத்துல இரு, அது போதும்."

அக்கா சிரித்துவிட்டு, இரத்த அழுத்தக் கருவியை எடுத்து அம்மிச்சியின் கையில் சுற்றினாள். நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்திரண்டு. அந்த எண்ணைச் சொன்னதோடு நிற்காமல், தேதியிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தாள். நோட்டு இப்போது துணிக்கடைப் பை இருந்த தலைமாட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதில் எண்ணைக் குறித்து அவளுக்கு அனுப்புவது என் வேலை.