எதிரே வருகிறவருடைய கண்கள்

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில், வேளாங்கண்ணிக் கொடியேற்றத்திற்கு இரண்டு நாள் முன்னதாக, நாகப்பட்டினத்தில் உறவினர் வீட்டுக் காரியம் ஒன்றை முடித்துக்கொண்டு இரவோடு இரவாகத் தஞ்சைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னிருக்கையில் மூவர், அதற்கும் பின்னால் இரண்டு அரிசி மூட்டைகள். அந்நாள்களில் அந்தச் சாலை எப்படியிருக்கும் என்பதை வாசகர்களில் பலர் அறிவர். பகல் வெயிலுக்கு அஞ்சி, காவியுடை அணிந்த யாத்திரிகர்கள் இரவிலேயே கூட்டங்கூட்டமாக நடந்து வருவார்கள்.

திருவாரூரைத் தாண்டிய சிறிது நேரத்தில், எதிரே வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று திடீரெனத் தடுமாறி, தார்ச்சாலையை விட்டிறங்கி மண்ணில் சாய்ந்தது. காரை நிறுத்திவிட்டு ஓடினேன். ஓட்டி வந்த இளைஞருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவே. ஆனால் அவர் விழுந்த இடத்திலிருந்து பத்தடித் தொலைவில் கைக்குழந்தையுடன் ஒரு தாயும், அவர் பின்னால் இரண்டு சிறுமியரும் நின்றிருந்தனர்.

“என்ன தம்பி, என்ன ஆயிற்று?” என்றேன்.

“உங்க லைட்டுதாங்க ஐயா. கண்ணு முன்னால எல்லாம் வெள்ளையாயிடுச்சு, ரோடே தெரியல.”

நான் ‘டிம்’மில்தானே வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மையுங்கூட. ஆயினும் அந்தச் சிறுமியரைப் பார்த்தபின் பேச்சு எழவில்லை.

என் கார் பன்னிரண்டு ஆண்டுப் பழையது. விளக்கு மங்கிவிட்டதென்று இரண்டு மாதங்களுக்கு முன் நானே ஒரு வைத்தியம் செய்திருந்தேன். 60/55 வாட் பல்புகளைக் கழற்றிவிட்டு 100/90 வாட் பல்புகளை வாங்கி, என் கையாலேயே மாட்டினேன். மறுநாள் காரைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, தஞ்சையில் வயரிங் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் பல்பைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார். “ஏன் சார், காது கேக்கலைன்னா எதிராளியக் கத்தச் சொல்வீங்களா, காதுல இருக்குற அழுக்க எடுப்பீங்களா?”

அவர் எனக்கு விளக்கியதை இங்கே எழுதுவது பிறருக்கும் பயன்படும். எங்கள் கார் போன்றவற்றிலுள்ள ஹெச்-4 பல்பில் இரண்டு இழைகள் உண்டு. ‘பிரைட்’டுக்குரிய இழை, பின்னாலுள்ள கிண்ண வடிவ ஆடியின் குவியத்தில் இருக்கிறது, ஆகவே ஒளி நேராக நெடுந்தூரம் பாய்கிறது. ‘டிம்’முக்குரியதோ குவியத்திற்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதன் அடியில் கரண்டி போன்ற சிறு தகடு ஒன்று உண்டு. அந்தத் தகடு ஆடியின் கீழ்ப்பாதிக்கு ஒளி போகாமல் மறைத்துவிடும். மேற்பாதியில் பட்ட ஒளி மட்டும் கீழ்நோக்கித் திரும்பும். ‘டிம்’ என்றால் மங்கல் என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். அது மங்கலன்று, மேலெல்லை வகுக்கப்பட்ட ஒளி. நாம் இடப்புறம் செல்கிறவர்களாதலால், அந்த எல்லைக்கோடு இடப்பக்கத்தில் மட்டும் சற்று மேலேறும். ஓரத்தில் நடப்போர் நமக்குத் தெரியவேண்டுமல்லவா! இவ்வளவும் இழை மில்லிமீட்டர் பிசகாமல் உரிய இடத்தில் இருந்தால்தான் நடக்கும். நான் மாட்டிய வலப்பக்கத்துப் பல்பு, பள்ளத்தில் சரியாக அமராமல் சாய்ந்திருந்தது. இதற்காகவே ஹாலஜன் பல்புக்குரிய விளக்கில் எல்.இ.டி. பல்பைச் செருகுவதும் தவறு என்றார். அதன் ஒளி பிறக்குமிடமே வேறாதலால் எல்லைக்கோடு குலைந்துவிடும்.

அப்படியானால் முதலில் மங்கியதேன்? மீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரியிலிருந்து புறப்பட்ட மின்னழுத்தம் முழுமையாகப் பல்பை எட்டவில்லை. எர்த்துக் கம்பி பாடியில் சேருமிடத்தில் துரு. மின்னழுத்தம் பத்திலொரு பங்கு குறைந்தால் ஒளி ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்துவிடுமாம். பெரிய பல்பு அதே மெல்லிய கம்பியில் கூடுதல் மின்சாரத்தை இழுத்ததில், ஹோல்டரின் பிளாஸ்டிக் இளகிக் கறுத்திருந்தது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் நெருப்பே பிடித்திருக்கக்கூடும். துருவைச் சுரண்டி, ரிலே ஒன்று வைத்து, பழைய 60/55 அளவிலேயே புதிய பல்புகளை மாட்டினார். கண்ணாடியை விரல் தொடலாகாது, கையிலுள்ள எண்ணெய்ப்பசை சூட்டில் அதைக் கெடுத்துவிடும் என்று சொல்லி, துணியால் பிடித்தே மாட்டினார்.

முன்மூடி வெயிலில் மஞ்சளித்திருந்ததும் ஒரு காரணம். அது ஒளியைக் குடிப்பதோடு நில்லாமல் நாலாபக்கமும் சிதறடித்து எதிராளி கண்ணில் தெளிக்கும். ஈரமான மெல்லிய உப்புத்தாள் கொண்டு தேய்த்து, மெருகேற்றி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சும் பூசவேண்டும். பூச்சின்றி விட்டால் சில மாதங்களில் பழைய மஞ்சளே.

எங்கள் சிறுவயதில் லாரி, பேருந்துகளின் முகப்பு விளக்குகளில் கறுப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். திருஷ்டிப் பொட்டு என்றே நான் நினைத்திருந்தேன்! கண்கூசாதிருக்கக் கண்ட எளிய வழி அது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதற்கு அளவே வகுத்திருக்கின்றன: விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யலாகாது.

வீட்டில் நாமே சரிபார்க்கலாம். சமதரையில், டயர்களில் காற்று சரியாக இருக்க, ஓட்டுபவர் இருக்கையில் ஒருவர் அமர, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தவேண்டும். விளக்கின் நடுவுயரத்தைச் சுவரில் கோடிட்டு, ‘டிம்’மின் எல்லை அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே விழுமாறு பின்னாலுள்ள திருகைத் திருப்பவேண்டும். விளக்கு 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த ஒளி 65 மீட்டரில் தரையைத் தொடும். பின்பாரம் ஏறினால் முகப்பு நிமிர்ந்து, கணக்கெல்லாம் கெடும். அதற்கென்றே ஸ்டீயரிங் அருகில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு சக்கரம் ஒன்று இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் நான் அதைத் தொட்டதேயில்லை. அரிசி மூட்டைகள் அன்றிரவு என்ன செய்தன என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அன்று மாலை இருட்டியதும், மகனைக் காரில் உட்காரவைத்து ‘டிம்’மைப் போடச்சொல்லி, எட்டு மீட்டர் தள்ளி எதிரே போய் நின்றேன். வலப்பக்கத்து விளக்கு கண்ணை உறுத்தவில்லை. இடப்பக்கத்தது இன்னும் சற்றே உறுத்தியது. திரும்பிப் போய்த் திருகை அரைச்சுற்று இறக்கிவிட்டு, மறுபடியும் வந்து நின்றேன்.