நந்தி மலையடியில் ஒரு பிரெஞ்சுக் கொடி

சிவாஜிநகர்வாழ் தமிழர்க்கு ரசல் சந்தையைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம் முன்னோர் பிளாக்பள்ளி என்றழைத்த இப்பகுதியில், 1933ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அச்சந்தையின் பழக்கடையிலேதான் எங்கள் பயணம் தொடங்கிற்று. ஆற்காட்டிலிருந்து வந்திருந்த உறவினரான பெரியவர் ஒருவரும் எங்களுடன் இருந்தார். "உங்கள் வீட்டுச் சாம்பார் இனிக்கிறது, பேச்சிலோ கன்னடம் கலந்திருக்கிறது. நீங்கள் எந்த ஊர்க்காரர் அப்பா?" என்று அன்று காலை அவர் கேட்டிருந்தார். வேடிக்கையாகத்தான் கேட்டார், எனினும் அவ்வினா எங்கள் நெஞ்சில் தைத்தது.

கடையில் பெங்களூர் நீலத் திராட்சை குவிந்து கிடந்தது. ஒன்றைப் பிதுக்கினோம். தோல் கருநீலம், சதையோ வெளிறிய பச்சை. பெரும்பாலான திராட்சைகளின் நிறம் தோலிலே உள்ளது, சாற்றிலே இல்லை. பிழிந்தவுடன் தோலை நீக்கிச் சாற்றை மட்டும் புளிக்க வைத்தால் வெள்ளை ஒயின்; கருந்திராட்சையைத் தோலோடு புளிக்க வைத்தால் சிவப்பு ஒயின்.

அங்கிருந்து வடக்கே தொட்டபள்ளாபுரம் நோக்கிச் சென்றோம். மதுப்பழக்கத்தைப் பரப்புவது எங்கள் நோக்கமன்று; அயல்நாட்டுப் பயிர் ஒன்று நம் மண்ணில் வாழும் விதத்தைக் காண்பதே நோக்கம். 1988ஆம் ஆண்டு கன்வல் குரோவர் என்பார், பிரெஞ்சு வல்லுநர் துணையுடன், நந்தி மலையடியில் பிரெஞ்சுத் திராட்சை இனங்களைக் கொண்டு ஒரு தோட்டம் நிறுவினார். பின்னாளில் போர்தோ நகர்ப்பக்கத்து வல்லுநர் மிஷேல் ரோலானும் அதற்கு ஆலோசகரானார்.

பிரான்சில் குளிர்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்து உறங்கும். இங்கே அத்தகைய குளிர் இல்லை. கொடிக்கு உறக்கமும் இல்லை. ஆதலின் ஆண்டுக்கு இருமுறை கிளைகளைக் கழிக்கின்றனர். முதல் கழிப்பு கொடிக்கு வலுவூட்டுவதற்கு. மழை ஓயும் வேளையில் செய்யும் இரண்டாம் கழிப்பே பழத்திற்கு. கோடை முற்றுமுன் அறுவடை முடியும். பீடபூமியின் குளிர்ந்த இரவுகளே பழத்தின் புளிப்பைக் காக்கின்றன.

சோவின்யோன் என்னும் வெள்ளை இனத்தை எடுத்துக்கொள்வோம். லுவார் ஆற்றங்கரையிலுள்ள சான்சேர் என்னும் ஊரில், சுண்ணாம்பும் சக்கிமுக்கிக் கல்லும் கலந்த நிலத்தில், அது கூரிய புளிப்பும் பசும்புல் மணமும் பெறும். வெயில் மிகுந்த நாட்டிலோ அதே இனத்தில் கொய்யா போன்ற கனிந்த பழமணம் மேலோங்கும். எங்களுள் மது அருந்தாதோரும் கிண்ணத்தை முகர்ந்து அம்மணத்தை உணர்ந்தனர்.

சான்சேர் மக்கள் தம் ஊர் மதுவை அவ்வட்டாரத்து ஆட்டுப்பாற்கட்டியோடு உண்பர். ஒயினின் புளிப்பு கொழுப்பின் திகட்டலைப் போக்கும். பொரித்த மீன்மேல் நாம் எலுமிச்சை பிழிவதும் இக்காரணம் பற்றியே அன்றோ? சிவாஜிநகர் வீதிகளில் மாலையில் வாட்டப்படும் கபாப்புக்கோ வேறு பொருத்தம் வேண்டும். மிளகாயின் காரம் மதுவின் எரிவை மிகுவிக்கும்; ஆகவே சற்றே இனிப்புடைய செனின் இன ஒயின் அதற்கு இசையும். அதுவும் லுவார் கரையிலிருந்து வந்ததே.

திரும்பும் வழியில் பெரியவர், "அப்படியானால் இந்த ஊருக்கென்று சொந்தத் திராட்சை கிடையாதா?" என்று வினவினார். காலையில் பிதுக்கிய பழத்தை நினைவூட்டினோம். அதுவும் இசபெல்லா என்னும் அமெரிக்க இனத்தைச் சார்ந்தது என்பர். பிரெஞ்சு அரசு 1930களில் அவ்வினத்து மதுவின் விற்பனையைத் தடை செய்தது. அங்கே ஒதுக்கப்பட்ட அக்கொடி இங்கே வேரூன்றி, 2013இல் பெங்களூர் என்னும் பெயருடனேயே புவிசார் குறியீடு பெற்றது. நந்தி மலையடியின் சோவின்யோன் சான்சேரைப்போல் மணக்கவில்லை என்று எவரும் அதைக் குறை கூறுவதில்லை. இம்மண்ணின் மணம் அதில் உண்டா என்றே பார்க்கின்றனர்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. அன்றிரவு எங்கள் வீட்டில் அந்த இனிப்புச் சாம்பாரையே இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார்.